முன்னால் நடப்பவள்

"வாசப்படிய தாண்டாத, புஷ்பம். புள்ளைங்க மொத மொதல்ல பொஸ்தகம் பாக்கப் போவுதுங்க. தாலியறுத்தவ முன்னால நடந்தா வெளங்குமா?"

பாப்பம்மா கதவை மறித்து நின்றாள். அவள் புஷ்பவள்ளியின் கணவனுக்கு அக்காள். இருவரும் தோட்டக் கூலிகளின் லயத்தில் ஒரே வீட்டில் ஒரே சட்டி மரவள்ளிக் கிழங்கைத்தான் பங்கிட்டுத் தின்கிறார்கள். வெளியே சாக்குத் துணி கட்டிய பிள்ளைகள் வரிசையில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தன.

மலாயாவின் பீடோங் கடைத்தெருவில் வியாபாரிகள் நடத்தும் வாசகசாலைக்குத் தோட்டப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வேண்டும் என்பது பரஞ்சோதி வாத்தியாரின் ஆசை. ஏற்பாடு முடிவதற்குள் ஜப்பான்காரன் அவரைச் சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டான். விட்ட இடத்திலிருந்து அவர் மனைவி புஷ்பவள்ளி தொடர்ந்தாள். தோட்டக் கணக்கர் கிராணியின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அனுமதி வாங்கினாள். வாசகசாலைத் தலைவர் தர்மலிங்கம் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எழுத்து தெரிஞ்ச ஆளு ஒருத்தர் கூட வந்து படிச்சுக் காட்டணும்மா. சும்மா கூட்டியாந்து நிக்க வைக்காதீங்க."

லயத்தில் எழுத்து தெரிந்து மிஞ்சியிருந்தவள் அவள் ஒருத்திதான்.

போன மாதம் சயாமிலிருந்து தப்பி வந்த சின்னையா கொண்டுவந்த சேதி அவள் பொட்டை அழித்தது. காலரா கண்ட கொட்டகையை, உள்ளே கிடந்தவர்களோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார்களாம். விறகு வெட்டப் போயிருந்ததால் அவன் பிழைத்தானாம். மற்ற ஆண்கள் வேறு முகாமில் இருப்பதாகத்தான் லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். வெள்ளைப் புடவைக்குத் துணி ஏது? பரஞ்சோதியின் வேட்டிகள் இரண்டை ஒட்டுப்போட்டு அவளுக்குக் கட்டிவிட்டார்கள். நடக்கும்போதெல்லாம் அவர் கூடவே வருவது போலிருக்கும். துணிக்கும் அரிசிக்கும் அலைந்த அந்தக் காலத்திலும் சகுனம் பார்ப்பதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

சின்னையா அவளிடம் மட்டும் இன்னொன்றும் சொல்லியிருந்தான். அதே கொட்டகையில்தான் பாப்பம்மாவின் புருஷன் பக்கிரிசாமியும் கிடந்தான். இந்த லயத்திலிருந்து போன மற்ற ஆண்களும் கிடந்தார்கள்.

"இத எப்படித் தங்கச்சி நான் வீடு வீடாப் போய்ச் சொல்லுவேன்?"

"சொல்லாதீங்கண்ணே. நான் ஒருத்தி பட்டது போதும்."

அன்றிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. பிள்ளைகள் எங்கே கூடினாலும் அவர்கள் பின்னால் செத்துப்போன தகப்பன்மாரும் அவள் கண்ணுக்கு வந்து நிற்கிறார்கள். இன்றும் நின்றார்கள்.

"நான் வரலன்னா யாரு அண்ணி படிச்சுக் காட்டுவா?"

"போனாப் போவுது லா. பொஸ்தகமா சோறு போடுது?" பாப்பம்மாவின் நெற்றி நிறையக் குங்குமம். "எம்புருசன் திரும்பி வர்ற நேரம். அபசகுனமா ஒன்னும் நடக்கக் கூடாது."

வாசலில் நின்ற சின்னையாவுக்குப் பொறுக்கவில்லை. "பாப்பம்மாக்கா, ஒங்ககிட்ட ஒன்னு சொல்லணும்..."

அதைச் சொல்லிவிட்டால் மறித்த கை தானாகவே விழுந்துவிடும். விழட்டுமே என்றுதான் ஒரு கணம் புஷ்பவள்ளிக்கும் தோன்றியது. ஆனால் அந்தக் குங்குமத்தைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

"சும்மா இருங்கண்ணே," என்றாள். பிறகு பாப்பம்மாவின் கையைப் பிடித்துக் கதவிலிருந்து மெல்ல எடுத்துவிட்டாள். "நான் வரத்தான் போறேன், அண்ணி. யார் தடுத்தாலும் வருவேன். சகுனந்தானே ஒங்களுக்கு வேணும்? நீங்க முன்னால நடங்க."

பாப்பம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வீட்டுப் பெண்களையும் கூவி அழைத்தாள். சயாமுக்குப் புருஷனை அனுப்பிவிட்டுக் காத்திருந்த அத்தனை பேரும் பொட்டைத் திருத்திக்கொண்டு வந்து பிள்ளைகளுக்கு முன்னால் நின்றார்கள். சின்னையா முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டான்.

"பாத்தியா புஷ்பம்," என்று பாப்பம்மா பெருமையோடு திரும்பிச் சொன்னாள். "இத்தன சுமங்கலிங்க முன்னால நடந்தா எந்தக் கெடுதலும் கிட்ட வராது!"

"ஆமாம், அண்ணி," என்றாள் புஷ்பவள்ளி.