மூன்று நிமிடப் பாடம்

பால் பொங்கி வழிந்து அடுப்பையே அணைத்திருந்தது. அம்மா ஒரு கையில் கரித்துணியும் மறுகையில் மருமகளின் கைபேசியுமாகக் கூடத்துக்கு வந்தாள்.

"பாருடி, உங்கண்ணி பால் காய்ச்சின லட்சணத்த! போன்ல எவளோ மருந்துச்சீட்டு படிக்கச் சொல்லிக் குடுக்கிறா, மகாராணி வாயப் பொளந்து கேட்டுக்கிட்டு நிக்கிறா."

மகள் மடிக்கணினியிலிருந்து நிமிர்ந்தாள். அம்மா திட்டி முடிப்பதற்குள் கைபேசித் திரை மாறியிருந்தது. 'ஐந்து நிமிடமாக நீங்கள் பாடத்தில் இல்லை. பாடம் முதலிலிருந்து தொடங்கும்.'

அந்த வாசகத்தை எழுதியவள் அவளேதான். வீட்டிலிருந்தபடி அவரவர் வசதிக்குப் படிக்கும் இணையப் படிப்புகளை வடிவமைப்பது அவள் வேலை. பாடத்தை ஓடவிட்டுவிட்டு ஊர் சுற்றுகிறவர்களைப் பிடிக்கத்தான் அந்த விதி. மருந்தக உதவியாளர் படிப்பில், ஒரே பாடத்தைப் பத்து முறைக்கு மேல் தொடங்கியும் முடிக்காதவர்களின் பட்டியலில், 'ஆர்வமில்லாதவர்கள், நீக்கலாம்' என்று அன்று காலைதான் குறித்து வைத்திருந்தாள்.

பட்டியலை மறுபடி திறந்து பெயர்களைப் பார்த்தாள். அதில் அண்ணி இருந்தாள். நான்காம் பாடம், பதினேழு முறை.

எந்தெந்த நேரத்தில் பாடம் நின்றிருக்கிறது என்று பார்த்தாள். பதினொன்று ஐந்து. நாலு பத்து. மறுநாள் பதினொன்று ஏழு. முதலில் அம்மாவைத்தான் நினைத்தாள். அப்படி நினைப்பது வசதியாக இருந்தது. ஆனால் பதினொரு மணிக்கு அம்மா குளித்துக்கொண்டிருப்பாள், நாலு மணிக்குத் தூங்கிக்கொண்டிருப்பாள். அந்த நேரங்களில் நாற்காலியை விட்டு எழாமலே "அண்ணி, டீ" என்று குரல் கொடுப்பது வேறு ஆள்.

சமையலறைக்குப் போனாள். அண்ணி அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணி?"

"சொன்னா உங்கண்ணனுக்குத் தெரியும், அத்தைக்குத் தெரியும். 'இப்ப இது எதுக்கு'ன்னு ஒரு வாரம் பேச்சு ஓடும். அந்த ஒரு வாரத்துல ரெண்டு பாடம் முடிச்சிடலாம்ல?" சிரித்தாள். "பரீட்சையில பாஸானா பக்கத்து ஆஸ்பத்திரி மருந்துக்கடையில சேத்துக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. அது வரைக்கும் வாயத் திறக்காதே."

அன்றே மகள் பட்டியலில் 'நீக்கலாம்' என்றிருந்த குறிப்பை அழித்தாள். ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாப் பாடங்களையும் மூன்று நிமிடத் துண்டுகளாக வெட்டினாள். விட்ட இடத்திலிருந்தே தொடரும்படி மாற்றினாள். அந்த வாரம் டீ கேட்கவில்லை. அதை அண்ணி கவனித்தாளா என்று மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டாள். "வீட்டு வேலைக்கு நடுவுலயே படிச்சிடலாம், பிரமாதம்" என்று மேலாளர் பாராட்டினார்.

பாராட்டு குத்தியது. ஏனென்று தெரியாமல் அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

அண்ணி நின்றபடியே ஒரு துண்டை முடித்தாள்.

"நல்லாருக்கு. குக்கர் சத்தம் குடுக்கிறதுக்குள்ள ஒண்ணு முடிஞ்சிடுது." கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். "எனக்குச் சேந்தாப்ல ஒரு மணி நேரம் இந்த வீட்ல கிடைக்காதுன்னு உனக்கும் தெரிஞ்சிருக்கு. அதான் பாடத்த வெட்டிட்டே."

மகளுக்கு அப்போதுதான் புரிந்தது. வெட்டுவதற்கு எளிதானதைத்தான் வெட்டியிருக்கிறாள்.

"போன்ல எழுதுற பரீட்சை ஒரு மணி நேரம்தானே? அதையும் துண்டு போட முடியுமா?" என்று அண்ணி கேட்டாள்.

"முடியாது அண்ணி. ஒரே மூச்சுல எழுதணும்."

"அப்பாடா" என்றாள் அண்ணி. கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"அத்தை, வியாழக்கிழமை பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் நான் வீட்ல இல்ல."

"ஏன், எங்க கிளம்பிட்டே?"

"எங்கயும் போகல. உள் ரூம்லதான் இருப்பேன்."