நாலு விரல் உயரத்தில் ஓர் ஆட்டம்

மைசூரில் நடந்த இரண்டாம் தர உலக இன்லைன் ஹாக்கிப் போட்டியின் கடைசி நாளில், இந்தியா, நமீபியா ஆகிய இரு நாட்டுப் பெண்களும் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நின்று ஆடினார்கள். அன்று ஆயுத பூஜை. காலையில் தேவராஜா மார்க்கெட்டில் சாமந்தி முழம் எண்பது ரூபாய், பூசணிக்காய் கிலோ நாற்பது, எலுமிச்சம்பழம் ஒன்று பன்னிரண்டு. சாமந்திக்கும் பூசணிக்கும் இந்தக் கதையில் வேலை இல்லை. எலுமிச்சம்பழம் பன்னிரண்டு ரூபாய் விற்றதால்தான் ஆட்டம் அப்படி நடந்தது என்று மைசூரின் ஹெப்பாள் பகுதியில் இன்றும் சொல்கிறார்கள், அது உண்மையும்கூட.

இன்லைன் ஹாக்கி என்பது, ஒரே வரிசையில் நாலு சக்கரம் வைத்த பூட்ஸை மாட்டிக்கொண்டு, வழவழப்பான தரையில் ஒரு சின்ன வட்டைக் கோலால் துரத்தி எதிராளியின் வலைக்குள் தள்ளுகிற ஆட்டம். முதல் தரத்தில் ஆடுகிற நாடுகளுக்குக் கோப்பை கொடுப்பார்கள். இரண்டாம் தரத்தில் ஆடுகிறவர்களுக்குக் கோப்பை மாதிரி ஒன்று கொடுப்பார்கள். போட்டியை மைசூருக்குக் கொண்டுவந்த சங்கச் செயலாளர் கெம்பையன், தசராவுக்கு ஊரே திரண்டு வரும், அதில் நூற்றில் ஒருவர் எட்டிப் பார்த்தாலும் அரங்கம் நிரம்பிவிடும் என்று கணக்குப் போட்டு நாள் குறித்தார். ஊர் திரண்டுதான் வந்தது. வந்த அத்தனை பேரும் அரண்மனை விளக்கையும் யானையையும் பார்க்கப் போனார்கள். ஓட்டல்களில் ஓர் அறைகூடக் கிடைக்காததால் எட்டு நாட்டு அணிகளையும் ஹெப்பாள் பக்கத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் தங்க வைத்தார்கள். அர்ஜென்டினா மணப்பெண் அறையிலும், லாட்வியா மாப்பிள்ளை அறையிலும், மற்றவர்கள் பந்திக் கூடத்திலும் படுத்தார்கள். காலையில் கேசரிபாத்தும் இட்லியும் வாழையிலையில் வந்தன. இரண்டாம் தரத்துக்கு இது அதிகம் என்று யாரோ சொன்னதாகத் தெரிகிறது.

அணிகளை மண்டபத்துக்கும் அரங்கத்துக்கும் ஏற்றி இறக்கிய கம்பெனிப் பேருந்தின் ஓட்டுநர் ஆறுமுகசாமி. கோபிநத்தத்தில் பிறந்து, பிழைக்க மைசூர் வந்து, பாதி ஆயுளை ஹெப்பாள் சாலையில் ஓட்டித் தீர்த்தவர். சாமி விஷயத்தில் சமரசம் தெரியாது. ஆயுத பூஜை வந்தால் அவர் வீட்டில் இருக்கிற மிக்சி, தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி, பக்கத்து வீட்டு பசம்மாவின் சைக்கிள் எல்லாம் சந்தனமும் குங்குமமும் வாங்கிக்கொண்டுதான் போகும். சக்கரம் உள்ள எதையும் பொட்டில்லாமல் விடக்கூடாது, விட்டால் அந்தச் சக்கரம் மனத்தில் வைத்துக்கொள்ளும் என்பது பேருந்து டெப்போக்காரர்களின் நம்பிக்கை. இந்த விதிக்கு அவர் வீட்டிலேயே ஒரு விலக்கு இருந்தது. அவருடைய மகள் ஜீவிதாவின் ஸ்கேட்ஸ். அதில் எட்டுச் சக்கரம் இருப்பது உண்மை. ஆனால் அது காலில் போடுவது. காலில் போடுவதைச் சாமி முன்னால் வைப்பது எந்த ஊர் வழக்கம்?

இந்த வம்பை வீட்டுக்குள் கொண்டுவந்தவரும் அவரேதான். பல வருடங்களுக்கு முன்னால், யாரோ ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் பேருந்தில் மறந்துவிட்டுப் போன குழந்தை ஸ்கேட்ஸை, கேட்பாரில்லாமல் ஒரு மாதம் கிடந்ததும், தினத்தாளில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்தார். ஜீவிதா அதை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பெனியின் காலி வண்டி நிறுத்தத்தில் விழுந்தாள், எழுந்தாள், வளர்ந்தாள். பெரிய ஸ்கேட்ஸ் வாங்கினாள், பகலில் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள், ஒரு நாள் இந்தியாவின் கோல்கீப்பர் ஆனாள். இந்தியாவின் கோல்கீப்பரின் ஸ்கேட்ஸ் ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் வாசல் படிக்கு வெளியே, செருப்புகளோடு செருப்பாகக் கிடந்தது. இந்திய அணியும் ஒவ்வொரு வருடமும் தோற்றது. இரண்டுக்கும் முடிச்சுப் போட்டவள் ஜீவிதாவின் அம்மா வடிவுதான். அவள் அதைச் சத்தமாகச் சொன்னதில்லை, பாத்திரத்தைச் சத்தமாக வைத்தாள்.

அந்த வருடமும் தோல்விகள் வரிசையாக வந்தன. மிச்சம் இருந்தது நமீபியாவோடு ஓர் ஆட்டம். அதிலும் தோற்றால் இந்தியா கடைசி. கடைசியாக வந்தால் பெண்கள் அணியைக் கலைத்துவிடுவதென்று மேலிடத்தில் முடிவாகிவிட்டதாகக் கெம்பையன் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார், சொல்லிவிட்டு ஆளுக்கொரு மைசூர்பாகு கொடுத்தார். அன்று சாயங்காலம் ஜீவிதா ஸ்கேட்ஸைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பூஜைக்காகக் கழுவி வைத்த மிக்சி கூடத்தில் பளபளத்துக்கொண்டிருந்தது.

"அப்பா, பசம்மா ஆன்ட்டி சைக்கிளுக்குக்கூட வெக்கிறீங்க. நாளைக்குத் தோத்தா டீமே இல்ல. அப்புறம் இதப் போட்டுக்கிட்டு நான் எங்க போவேன்? ஒரே ஒரு பொட்டு, அஷ்டே, அவ்ளோதான்" என்றாள்.

"செருப்பு செருப்புத்தான் கண்ணு. தங்கத்துல செஞ்சாலும் வாசலுக்கு வெளியதான். சாமி காரியத்துல என்னையக் கோளாறு பண்ணச் சொல்லாத" என்றார் ஆறுமுகசாமி.

அவள் சண்டை போடவில்லை. சாப்பிடாமல் மண்டபத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். வடிவு அவளுக்காகச் சுட்ட தோசைகளை ஒவ்வொன்றாகக் கணவர் தட்டில் வைத்தாள். ஆறுமுகசாமி அத்தனையையும் தின்று தீர்த்தார்.

காலையில் அவர் மார்க்கெட்டுக்குப் போனார். பன்னிரண்டு ரூபாய் என்றதும் கோபம் வந்தது. தசரா என்றால் எலுமிச்சை மரத்துக்கும் கொம்பு முளைத்துவிடுமா என்று பழக்காரனிடம் கேட்டுவிட்டு, பேருந்தின் சக்கரங்களுக்கு நாலு, முன்கண்ணாடியில் மிளகாயோடு கோத்துத் தொங்கவிட ஒன்று என்று அளவாக வாங்கினார். மண்டபத்து வாசலில் பேருந்தைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, பேருந்தின் அடியில் இருந்த சாமான் அறையைத் துடைக்கத் திறந்தபோது, இந்தியா, நமீபியா இரு அணிகளின் பைகளும் உள்ளே இருந்தன. ஜீவிதாவின் பை மட்டும் சரியாக மூடாமல் கிடந்தது. அதிலிருந்து சக்கரங்கள் வெளியே தெரிந்தன.

ஆறுமுகசாமி டயரைப் பார்த்து ஓட்டுகிறவனின் குணத்தைச் சொல்கிறவர். இத்தனை வருடத்தில் மகளின் சக்கரத்தை அவர் பார்த்ததே இல்லை, அது வாசலுக்கு வெளியே கிடந்தது. இப்போது பார்த்தார். உட்புறம் முழுக்கத் தேய்ந்து ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. ஒரே இடத்தில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்ந்து பாய்ந்து, வருகிற அடியையெல்லாம் வாங்கிக்கொண்ட சக்கரம் அது. தேய்ந்த பக்கத்தைக் கட்டைவிரலால் தடவினார். பிறகு ஸ்கேட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்தார். கவிழ்த்தால் செருப்பு கீழே போய்விடுகிறது, சக்கரம் மேலே வந்துவிடுகிறது, சாமிக்குத் தெரிவது சக்கரம்தான் என்று தனக்குத்தானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டார். எட்டுச் சக்கரத்துக்கும் பொட்டு வைத்தார். மகளுக்கு மட்டும் வைத்தால் ஓரவஞ்சனை ஆகிவிடும், தவிர, சக்கரம் எதையும் விடக்கூடாது என்ற விதி வேறு இருந்தது. ஆகவே இந்திய அணி முழுவதற்கும் வைத்தார், வந்த இடத்தில் விருந்தாளியை விடலாமா என்று நமீபியாவுக்கும் வைத்தார். எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சூடம் காட்டினார். பேருந்துச் சக்கரங்களுக்கு அடியில் பழம் வைத்து நசுக்கி வண்டியைக் கிளப்பினார். பொட்டு வைத்ததை யாரிடமும் சொல்லவில்லை.

பிற்பகல் ஆட்டத்துக்குப் பெண்கள் ஸ்கேட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்து நின்றபோது, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில் நின்றார்கள். சக்கரம் எதுவும் சுழலவில்லை. சாய்ந்த பக்கம் மிதந்து போனார்கள், நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. நமீபியாவின் அணித்தலைவி சுவரில் மோதி, மன்னிப்புக் கேட்டு, மறுபடி மோதினாள். செக் நாட்டு நடுவர் ஆட்டத்தை நிறுத்தி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். ஸ்கேட்ஸில் சக்கரம் இருக்க வேண்டும் என்று போட்டிருந்தது. சக்கரம் தரையைத் தொட வேண்டும் என்று எங்கேயும் போடவில்லை. அவர் விசிலை ஊதிவிட்டார். கெம்பையன், இது கமிட்டியின் ஏற்பாடு இல்லை என்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார், கைதட்டல் வந்ததும் சொல்வதை நிறுத்திக்கொண்டார். அரங்கத்தில் இருந்தது டெப்போ ஓட்டுநர்களும் அவர்கள் குடும்பங்களும்தான். பொரிகடலையைக் கொறித்தபடி, வெளிநாட்டு ஆட்டம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கஷ்டம் கோல்கீப்பர்களுக்கு வந்தது. வட்டு தரையோடு வந்து, மிதக்கிற காலுக்கு அடியில் புகுந்து, நேராக வலைக்குப் போயிற்று. ஜீவிதா படுத்துத் தடுக்கப் பார்த்தாள். உடம்பு தரைக்கு வந்தது, கால்கள் மேலேயே நின்றன, வட்டு அந்தச் சந்தில் போயிற்று. அந்தப் பக்கத்து வலையிலும் இதே கதை. மழை பெய்கிற மாதிரி கோல் விழுந்தது. பாதி ஆட்டத்தில் நமீபியா பதினான்கு, இந்தியா பதினொன்று. ஒவ்வொரு தடவையும் ஜீவிதா குனிந்து தன் காலுக்கும் தரைக்கும் நடுவே இருந்த இடைவெளியைப் பார்த்தாள். பார்வையாளர் படிகளில் வடிவோடு உட்கார்ந்திருந்த ஆறுமுகசாமி அதைப் பார்த்தார். பொட்டு வைக்காத வருடமெல்லாம் மரியாதையாகத் தோற்ற பிள்ளை, வைத்த வருடம் இப்படித் தோற்கிறதே என்று நினைத்தார். நினைத்ததைத் தாங்க முடியாமல் வடிவிடம் காலையில் செய்ததை ஒப்பித்துவிட்டார்.

வடிவுக்கு ஆச்சரியமே இல்லை. "ஏனுங்க, சாமிக்குக் காட்டுன சாமானத்த எவனாச்சும் தரையில போட்டு மிதிப்பானா? அதான் மேல நிக்குது. பஸ்ஸுக்குப் பழம் வெச்சு நசுக்கி எறக்குனீங்கல்ல, புள்ள சக்கரத்துக்கு வெச்சீங்களா?"

வைக்கவில்லை. பன்னிரண்டு ரூபாய் என்பதால் அளவாக வாங்கியது நினைவுக்கு வந்தது. அவர் படிகளில் இறங்கி ஓடினார். பேருந்தின் முன்கண்ணாடியில் தொங்கிய ஒரே ஒரு பழத்தை மிளகாய்க் கொத்திலிருந்து பிய்த்துக்கொண்டு திரும்பினார். இடைவேளை முடிய விசில் ஊதும் நேரம். ஒரு பழம், இரண்டு கால். பல்லாலேயே கடித்து இரண்டாகப் பிளந்தார், மிளகாய்க் காரமும் புளிப்பும் சேர்ந்து கண்ணில் நீர் முட்டியது. வலைக்கு முன்னால் நின்ற மகளின் காலடியில், அத்தனை பேர் பார்க்க, மண்டியிட்டு உட்கார்ந்தார். வீட்டு வாசலைத் தாண்ட விடாத அந்தச் செருப்பைத் தன் இரண்டு கையாலும் பிடித்தார்.

"வலது கால மொதல்ல எறக்கு, கண்ணு" என்றார்.

ஜீவிதா அவர் உச்சந்தலையைப் பார்த்தாள். வலது காலை அழுத்தினாள், பழம் நசுங்கியது. இடது காலை அழுத்தினாள். தரை வழவழவென்று அவளுக்கு வந்து சேர்ந்தது. ஆறுமுகசாமி தன் வேட்டித் தலைப்பால் சாற்றையும் விதையையும் துடைத்துவிட்டு வெளியே வந்தார். நமீபியாவுக்குக் கொடுக்க இன்னொரு பழம் அவரிடம் இல்லை. இருந்தால் கொடுத்திருப்பாரா என்று கேட்டால், ஓரவஞ்சனை என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்பார்.

இரண்டாவது பாதியில் அரங்கத்தில் ஒரே ஒரு ஜோடிச் சக்கரங்களின் சத்தம்தான் கேட்டது. மற்றவர்கள் சத்தமில்லாமல் மிதந்தார்கள். கர்ரென்று இந்தப் பக்கம், கர்ரென்று அந்தப் பக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆறுமுகசாமி பேருந்துக்குள் தூங்கிக்கொண்டிருந்த காலத்திலெல்லாம் வெளியே கேட்டுக்கொண்டிருந்த சத்தம் அது. அப்போது அதைத் தூக்கத்துக்குத் தொந்தரவு என்று நினைத்தவர், இப்போது துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். வட்டு வந்த பக்கமெல்லாம் ஜீவிதாவின் கால் இருந்தது. நமீபியாவின் கணக்கு பதினான்கிலேயே நின்றது. இந்தியாவின் கணக்கு மெதுவாக ஏறி, பதினைந்தைத் தொட்டபோது நேரம் முடிந்தது. ஓட்டுநர்கள் பொரியை அள்ளி வீசினார்கள், மிதந்துகொண்டிருந்த யாருக்கும் அது வழுக்கவில்லை.

அணியைக் கலைக்கவில்லை. நமீபியாவும் கீழே போகவில்லை, ஏனென்றால் மூன்றாம் தரம் என்று ஒன்றை இன்னும் யாரும் தொடங்கவில்லை, இது கெம்பையனுக்கு முதலிலிருந்தே தெரியும். நமீபியாக்காரர்களின் பைகள் விமான நிலையத் தராசில் இலவம்பஞ்சு மாதிரி நின்றனவாம், அதிகாரிகள் எடை குறைந்ததற்கு அபராதம் கிடையாது என்று அனுப்பிவிட்டார்கள். ஊருக்குப் போய் ஆரஞ்சுப் பழத்தை நசுக்கிப் பார்த்ததாகவும், இரண்டு விரல் மட்டும் இறங்கியதாகவும், எலுமிச்சைதான் வேண்டுமா என்றும் கேட்டு ஜீவிதாவுக்குச் செய்தி அனுப்பினார்கள். அவள் ஆமாம் என்று பதில் போட்டாள். விதிப் புத்தகத்தில் இதுவரை எதுவும் திருத்தவில்லை.

இப்போது ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ஸ்கேட்ஸ் வீட்டுக் கூடத்தில், மிக்சிக்கும் தையல் மிஷினுக்கும் நடுவில் இருக்கிறது. கவிழ்த்து வைப்பதில்லை. சூடம் காட்டியதும் அது நாலு விரல் மேலே எழும்பி நிற்கும். வடிவு அதன் அடியில் துடைப்பத்தை விட்டுப் பொரியைப் பெருக்கி எடுப்பாள், மிக்சிக்கும் இந்தப் புத்தி இருந்தால் நன்றாக இருக்கும் என்பாள். மறுநாள் காலை ஆறுமுகசாமி மகளின் காலடியில் குந்தி உட்கார்ந்து பழம் வைப்பார். மார்க்கெட்டில் அவர் இப்போது ஆறு பழம் வாங்குகிறார். விலை கேட்பதில்லை.