உள்ளானுக்கு ஆழம் ஆகாது

மதகுக்காரருக்கு உபசரிப்பில் அளவே தெரியாது. ஏரி வற்றி, கரையோரச் சேற்றில் உள்ளான் பறவைகள் நின்றதைப் பார்த்து மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. அவை இரை தேடும் விதத்தை ஆராய்ச்சி பண்ணத்தான் மச்சினி அவர் வீட்டில் வந்து தங்கியிருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், சாயங்காலமே ஏரிக்குத் தண்ணீர் வரும் மேல்மதகைத் திறந்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் பெருமையோடு அவளைக் கரைக்குக் கூட்டிப்போனார். ஏரி தளும்பிக் கிடந்தது. ஒரு பறவையையும் காணோம்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? அதுங்களுக்குக் கால் நனையற தண்ணி போதும். அலகைச் சேத்துக்குள்ள விட்டு, புழு நெளியறதை நுனியாலேயே தடவித் தெரிஞ்சுக்கும். இப்போ சேறு எங்க இருக்கு?"

"வேற ஏரிக்குப் போயிருக்கும்ல?"

"மத்ததுங்க சமாளிச்சுக்கும். உங்க மாப்பிள்ளை?"

கால் வளைந்த ஒரு உள்ளானுக்கு அவர்தான் அந்தப் பெயரை வைத்திருந்தார். நொண்டினாலும் அது நடக்கிற மிடுக்கு அப்படி.

"இந்த வாரம் நல்லாத் தின்னு உடம்பு தேத்தணும். அப்புறம் கடல் தாண்டணும். இளைச்சுப்போய்க் கிளம்பினா நடுவழியில விழுந்துடும் மாமா."

மதகுக்காரர் அதற்குமேல் நிற்கவில்லை. ஓடிப்போய் மேல்மதகை அடைத்து, தண்ணீர் வடியக் கீழ்மதகைத் திறந்தார். தண்ணீருக்கு என்ன அவசரம்? ஆடி அசைந்து வடிந்தது. மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள்.

"பசிக்கலை" என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் வாயில் அந்த வார்த்தையை அவள் கேட்டதில்லை. மறுநாளும் அதே கதைதான். மச்சினி திட்டியிருந்தாலாவது தேவலை. அவளோ கரையில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். அதுதான் அவரை வதைத்தது.

அதற்கடுத்த நாள் சேறு தலைகாட்டியது. ஒன்றிரண்டாகப் பறவைகள் இறங்கின. வெயில் சாய்கிற நேரத்தில் மாப்பிள்ளையும் நொண்டிக்கொண்டு வந்தது. அலகை விட்டது. வெறுமனே எடுத்தது. இன்னொரு இடத்தில் குத்தியது, அங்கேயும் ஒன்றுமில்லை. மதகுக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது இடத்தில் அலகு கண்வரைக்கும் இறங்கி, ஒரு நீளப் புழுவை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. விழுங்கியதும் உடனே அடுத்ததைத் தேடியது.

"மாப்பிள்ளை சாப்பிடறார்" என்றாள் மச்சினி கிசுகிசுப்பாக.

மதகுக்காரருக்குக் கண் நிறைந்துவிட்டது. வீட்டைப் பார்த்துக் குரல் கொடுக்க வாயைத் திறந்தவர், பறவை பயந்துவிடுமோ என்று மூடிக்கொண்டார்.

"சத்தம் போடாமப் போய் உங்கக்காகிட்ட சொல்லும்மா" என்றார், காதருகே குனிந்து. "எனக்குப் பசிக்குது."