தானே நடந்து ஜெயிலுக்குப் போனவர்

ஹர்கமான் ராய் குடிநீர்த்துறை மந்திரியாகி முதல்முறை காத்மாண்டுவிலிருந்து சொந்த ஊரான போஜ்பூருக்கு வந்தபோது, கடைவீதி மைதானத்தில் பாராட்டுக் கூட்டம் போட்டிருந்தார்கள். கழுத்து கொள்ளாமல் சாமந்தி மாலைகள். மூக்கு அரித்தது, சொறிந்துகொள்ளக் கையைத் தூக்க முடியவில்லை.

மாவட்டச் செயலாளர் டீகாராம் மைக்கைப் பிடித்ததும் வழக்கம்போல ஊசி ஏற்றினார்.

"நம்ம தோழர் மத்தவங்க மாதிரி இல்ல. போலீஸ் இவரைக் கொண்டுபோய் ஜெயில்ல போடல. இவரே நடந்துபோய்க் கதவத் தட்டினாரு!"

கூட்டம் சிரித்தது. ஹர்கமானும் சிரித்தார். இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

டீகாராம் சொன்னது பொய்யில்லை. கட்சிகளுக்குத் தடை இருந்த ராஜா காலத்தில், பள்ளிக்கூட வாத்தியாரான ஹர்கமான் ரகசியக் கூட்டம் நடத்திப் பிடிபட்டார். தன்குட்டா ஜெயிலுக்கு மூன்று நாள் மலைநடை. பட்டப்பகலில், விலங்குமில்லாமல் காவலுமில்லாமல், அவர் தனியாகப் போய் ஜெயில் கதவைத் தட்டியதை அந்த ஊரே பார்த்தது. சரணடைந்தவன் என்று கட்சி முத்திரை குத்திவிட்டது. மூன்றரை வருஷம் உள்ளே கிடந்தும் அது அழியவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் மேலே போக, அவர் கிளைக் கமிட்டியிலேயே கிடந்தார்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லித் தொலைச்சா என்ன, வாத்தியாரே?" என்று மனைவி மன்மாயா எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள்.

"சொன்னா ஒருத்தன் வேலை போயிடும்" என்பதோடு முடித்துக்கொள்வார். கடைசியில் ஜனங்கள்தான் ஓட்டுப் போட்டு எம்.பி.யாக்கிக் கரையேற்றினார்கள்.

கூட்டத்தின் நடுவில் ஒரு கிழவர் எழுந்தார். இடுப்பில் ஆரஞ்சுப் பழ மூட்டை.

"யாருய்யா சிரிச்சது? அவரைக் கூட்டிட்டுப் போன கான்ஸ்டபிள் நான்தான். சதுர்மான்!"

ஹர்கமானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சதுரே, உக்காருடா!"

"உக்கார மாட்டேன் அண்ணே. எனக்கு ரிடையராகி ரெண்டு வருஷமாச்சு. இனிமே எவன் என்னைத் தூக்குவான்?" கிழவர் மேடைப் பக்கம் திரும்பினார். "அருண் ஆத்தைத் தாண்டினதும் எனக்குக் காய்ச்சல். நிக்க முடியல. விலங்கக் கழட்டிவிட்டு, ஓடிப் போயிடுங்கன்னு சொன்னேன். இந்த மனுசன் ஓடல. ஒரு வீட்டுல கூடைய வாங்கி, என்னை உள்ள உக்கார வச்சு, கூடைப் பட்டைய நெத்தியில மாட்டி முதுகுல சுமந்துக்கிட்டு ரெண்டு நாள் மலையேறினாரு. வழியெல்லாம் எனக்கு மார்க்ஸ் பாடம் வேற!"

"காய்ச்சல் ஏன் இறங்கலைன்னு இப்பல்ல தெரியுது" என்று யாரோ குரல் கொடுக்க, மைதானம் அதிர்ந்தது.

"என்னை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு அவரே ஜெயிலுக்குப் போனாரு. விலங்கக் கழட்டினேன்னு தெரிஞ்சா என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. எனக்கு நாலு பிள்ளைங்க. அதனால ஜெயில் திருப்பம் வரைக்கும் நான் கூடவே வந்தேன்னு ஜெயில்காரங்ககிட்ட சொல்லியிருக்காரு. பிறகு என்னைத் தூர மேற்குக்கு மாத்திட்டாங்க. இப்படியொரு கெட்ட பேரு இவருக்கு இருக்குன்னு இன்னைக்குத்தான்யா தெரியும்."

டீகாராம் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து, ஹர்கமானின் கையைப் பற்றிக்கொண்டார். "தோழர்... நான்..."

"விடுங்க. முதல்ல இந்த மாலையக் கழட்டுங்க, மூச்சு முட்டுது."

அன்று மத்தியானம் சதுர்மான் அவர்கள் வீட்டில்தான் சாப்பிட்டார். மன்மாயா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பன்றிக்கறியைக் கிழவர் தட்டில் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஏழாவது மாதம் கூட்டணி உடைந்து அரசு கவிழ்ந்தது. அதற்குள் ஹர்கமான் பதினோரு கிராமங்களுக்குக் குழாய் போட்டிருந்தார். காரை ஒப்படைத்துவிட்டு, பெட்டியோடு பஸ் ஏறி ஊர் வந்தார். மறுவாரமே மாவட்டக் கமிட்டி கூடி அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. பெயரை முன்மொழிந்தவர் டீகாராம்.

விஷயத்தைச் சொல்லும்போது ஹர்கமானின் முகம் மலர்ந்திருந்தது. மன்மாயா விடுவாளா?

"மந்திரி பதவி போயி ஊர்க் கமிட்டி கிடைச்சிருக்கு. இதுக்கா இத்தனை பல்லு?"

"அது காத்மாண்டு கூட்டணிக் கணக்குல வந்தது. இது என் ஆளுங்க கைதூக்கிக் கொடுத்தது, மன்மாயா."

சொல்லிவிட்டுச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, புளித்த கேழ்வரகில் வெந்நீர் ஊற்றிய பானைக் கள்ளை மூங்கில் குழாயால் நிதானமாக உறிஞ்சினார். பானையில் வெந்நீர் குறைந்ததும் அவளே எழுந்து வந்து ஊற்றினாள்.