பிளொப்பியில் மிஞ்சிய கோப்பு

கல்குடாவுக்கு வரும் பஸ்ஸைச் சோதனைச்சாவடியில் மறித்துத் துழாவிய சிப்பாயின் கையில் கொம்பியூட்டர் வகுப்பு முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த மங்கையற்கரசியின் பிளொப்பி அகப்பட்டது. திருப்பித் தந்துவிட மாட்டானா என்று அவன் முகத்தையே பார்த்தாள். தரவில்லை. அவளை அதிகாரியின் அறைக்குக் கூட்டிப் போனான்.

அங்கே கொம்பியூட்டர் ஒன்று இருந்தது. பிளொப்பியில்தான் ஒன்றுமில்லையே, அழித்துவிட்டுத்தானே வந்தேன் என்று தனக்குத்தானே தைரியம் சொல்லிக்கொண்டாள்.

வகுப்பில் புரோகிராம் எழுதிப் பழகுகிறவளுக்குக் கற்பனையாக நாலு பெயர் வராதா? வரவில்லை. வீட்டாரின் பெயரையும் வயதையுமே போட்டு வைத்தாள். அப்பா, அம்மா, அவள், தம்பி கனகசிங்கம். இரண்டு வருடத்துக்கு முன் இயக்கம் பிடித்துக்கொண்டு போன தம்பி. ஆமி பதிந்து தந்த குடும்ப அட்டையில் அவன் இல்லை. இயக்கத்தில் பிள்ளை இருப்பது தெரிந்தால் விடமாட்டார்கள் என்று பயந்து, தன் வீட்டில் மூன்றே பேர் என்று அப்பா கையெழுத்து வைத்திருந்தார். ஆகவே வகுப்பு முடிந்ததும் எழுதிய கோப்பையும், அதிலிருந்து இயந்திரம் ஆக்கித் தரும் ‘ஏ.எக்ஸி’ என்ற ஓடும் கோப்பையும் அழித்துவிட்டுத்தான் எழும்புவாள்.

இன்று விண்டோஸ் மெஷின் பழுது. லினக்ஸில்தான் வேலை. அங்கே அந்த இரண்டாவது கோப்புக்குப் பெயர் ‘ஏ.அவுட்’. அழிக்கும்போது கையோ பழகிய பெயரையே தட்டியது. அப்படியொரு கோப்பு இல்லை என்றது திரை. வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. இல்லாவிட்டால் நல்லதுதானே என்று ஓடிவந்தாள், பாவி.

அதிகாரி பிளொப்பியைப் போட்டுத் தட்டிப் பார்த்தார். கோப்பு ஓடவில்லை. எழுத்தாகத் திறந்தார். கண்டபடி கிறுக்கிய குறிகளுக்கு நடுவே நாலு பெயர்கள் தெளிவாகக் கிடந்தன. அவளிடமிருந்த குடும்ப அட்டையை வாங்கி ஒப்பிட்டார்.

“கனகசிங்கம் யாரு?”



“தம்பி, சேர். மூணு வயசில செத்துப் போயிற்றான்.”

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். பெயருக்குப் பக்கத்தில் 16.

“செத்த பிள்ளைக்கு வயசு ஏறுமா?”

பதினாலில் போனவன். அவன் பிறந்தநாள் வரும்போதெல்லாம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தவள் இவள்தான். கூட்டாமல் விட அவளுக்கு மனம் வரவில்லை. அதை இந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது?

அதிகாரி அட்டையில் அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே பேனையால் கோடு இழுத்து, சிப்பாயிடம் நீட்டினார். வெளியே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அது கல்குடாப் பக்கமாகத் திரும்பியது.