பாகு மாஸ்டர் சுட்ட புரூக்கி

கடலைமிட்டாய்ப் பட்டறையில் பாகு காய்ச்சுகிறவனுக்குப் பொறுமை கூடாது. பொறுமை வந்தால் தொழில் போச்சு. பாகு பதத்துக்கு வந்ததும் கடலையைக் கொட்டிக் கிளறி, பலகையில் சாய்த்து, தேய்த்து, சூடு இருக்கும்போதே வில்லை போட்டுவிட வேண்டும். தங்கசாமி காலமெல்லாம் அடுப்படியில் நின்று கத்தியது ஒன்றே ஒன்றுதான்: "ஆறவிடாதீங்கலே!" அந்தக் குரல் கோவில்பட்டியில் தெருமுனை வரைக்கும் கேட்கும். அப்படிப்பட்ட மனிதர், இப்போது வேலைக்கும் போகாமல், தன் வீட்டு அடுப்படியில் ஒரு கறுப்புப் பெட்டிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார்.

பெட்டி பக்கத்து வீட்டு பதருன்னிசாவுடையது. அவள் மகன் அஃப்ஜல் துபாயிலிருந்து கொண்டுவந்த, சூட்டுக் காற்றிலேயே வேகவைக்கிற ஏர் ஃப்ரையர். பூப்போட்ட துணியைப் போர்த்திக்கொண்டு மூலையில் சும்மா கிடந்ததற்கு இப்படி ஒரு வேலை வந்து சேர்ந்தது.

உள்ளே கட்டிலில் அவர் மனைவி வள்ளிமயில் படுத்திருந்தாள். மார்பில் கட்டி. மதுரை ஆஸ்பத்திரியில் கீமோ ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருந்து கட்டியைக் கரைத்ததோ இல்லையோ, ஆளைக் கரைத்துவிட்டது. வாயெல்லாம் புண். சோறு மண்ணாட்டம் இருக்கு, தண்ணி இரும்பாட்டம் இருக்கு என்றாள். போன தடவை டாக்டரம்மா தங்கசாமியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "எடை இப்படியே இறங்கினா அடுத்த ஊசி போட முடியாது. உடம்பு தாங்காது. வியாழக்கிழமை வாங்க, பார்ப்போம். அவங்க விரும்பிக் கேக்கிறது எதுவானாலும் குடுங்க. வேகாதது மட்டும் வேண்டாம்."

ஊசி நின்றால் என்ன ஆகும் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

கம்பங்கூழ் கொடுத்தார், வெளியே வந்தது. ஆட்டுக்கால் சாறு கொடுத்தார், அதுவும் வந்தது. நேற்றுக் கருப்பட்டிக் காப்பியின் வாசனைக்கே குமட்டினாள். அப்புறம்தான், வாழ்நாளில் இன்னது வேண்டும் என்று வாய்திறந்து கேட்டறியாத வள்ளிமயில், சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"வார்டுல பக்கத்துக் கட்டில் பிள்ளை ஒரு துண்டு குடுத்துச்சே, ஞாபகம் இருக்கா? கீழ பிஸ்கட்டு, மேல கேக்கு. புரூக்கின்னு சொல்லுச்சு. அது ஒண்ணுதான் வாயில இனிச்சுது."

தங்கசாமி ஊரைச் சலித்தார். பேக்கரியில் பிரவுனி இருந்தது, குக்கீ இருந்தது, ரெண்டும் சேர்ந்தது மட்டும் இல்லை. மனிதர் என்ன செய்தார்? ரெண்டையும் வாங்கி, ஒன்றன்மேல் ஒன்றை வைத்து அமுக்கிக்கொண்டுவந்து நீட்டினார். வள்ளிமயில் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஒட்ட வச்சா ஆச்சாங்க?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் அரை டம்ளர் தண்ணீரோடு தூங்கிப்போனாள்.

பதருன்னிசாவுக்கு விஷயம் தெரிந்ததும் பெட்டி வந்தது. கூடவே செல்போனில் ஒரு செய்முறை வீடியோவும் வந்தது. அவள் போனைப் பிடித்துக்கொள்ள, தங்கசாமி பிசைந்தார். வெண்ணெய், நாட்டுச்சர்க்கரை, முட்டை, மைதா சேர்த்துக் கீழே ஒரு மாவு. சாக்லேட்டை உருக்கிக் கொக்கோப் பொடி கலந்து மேலே ஒரு மாவு. கையில் தொழில் இருந்ததால் மாவு பட்டுப் போலத் திரண்டது. பெட்டியில் வைக்கிறதைக் காட்டிவிட்டு, போனில் இருந்த பெண் பதம் பார்க்கிற இடத்துக்கு வந்தாள்.

"அதை நிறுத்துங்க தங்கச்சி" என்றார் தங்கசாமி. "பதம் எனக்கு ஒருத்தர் சொல்லித் தரணுமாக்கும்?"

பதருன்னிசா நிறுத்திவிட்டாள். பாகு மாஸ்டரிடம் போய்ப் பதத்தைப் பற்றிப் பேசுகிறதா?

அவருக்குத் தெரிந்த பதம் ஒன்றுதான். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு எடுத்து, பாத்திர விளிம்பில் தட்டுவார். 'டக்'கென்று சத்தம் வந்தால் பதம். வராவிட்டால் அது பாகே இல்லை, பசை. புரூக்கியையும் வெளியே இழுத்து, விரல் முட்டியால் தட்டித் தட்டிப் பார்த்தார். சத்தம் வரவில்லை. உள்ளே தள்ளினார். மறுபடி இழுத்தார், தள்ளினார். கடைசியில் 'டக்' என்றது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும்!

வள்ளிமயில் ஆசையாக வாங்கிக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டை வாயிலிருந்து எடுத்தபோது அதில் ரத்தம் இருந்தது. அதைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்ததைச் சுட்டார். சூட்டைக் குறைத்தார், அவ்வளவுதான் மாற்றம். சத்தம் வரும்வரை எடுக்கவில்லை. அதைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்தார், வாந்தியோடு போயிற்று.

"கொஞ்சம் முன்னாடியே எடுத்துப் பாருங்களேன் அண்ணாச்சி" என்று பதருன்னிசா மெல்லச் சொன்னாள்.

"வேகாததைக் குடுக்காதேன்னு டாக்டரம்மா சொல்லிருக்காவ. பச்சை முட்டை கிடக்கு உள்ள. வேற எதுவும் ஆகிப்போச்சுன்னா நான் என்ன செய்வேன்?" பிடிவாதம் போலத் தெரிந்தது எல்லாம் பயம்தான். அது அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

விடிந்தால் வியாழன் என்கிற புதன்கிழமை. இருந்த மாவை ரெண்டு தகரத் தட்டில் பிரித்து, முதல் தட்டைக் காலையிலேயே பெட்டிக்குள் வைத்தார். சுட்டுப் பார்க்க வேறு நாள் கிடையாது. பெட்டி இரைந்துகொண்டிருந்தது. சாக்லேட் வாசம் கிளம்புகிற நேரம், இரைச்சல் நின்றது. மேலே ஃபேனும் நின்றது.

மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு. பேப்பரில் போட்டிருந்தான். வீட்டில் யார் பேப்பர் பார்த்தார்கள்?

தங்கசாமி தெருவுக்கு ஓடினார். பதருன்னிசா வீட்டு வாசலில் நின்று, "தங்கச்சி, உங்க இன்வெர்ட்டர்ல மாட்டிக்கிடலாமா?" என்று கேட்டார். அது ஃபேனுக்கும் லைட்டுக்கும்தான் தாங்கும் அண்ணாச்சி என்றாள் அவள். தெருமுக்கில் இருக்கிற வெல்டிங் பட்டறையில் ஜெனரேட்டர் இருந்தது, ஆனால் பட்டறை பூட்டியிருந்தது. கரிசல் மண்ணிலிருந்து வெக்கை கிளம்பி முகத்தில் அடித்தது. வெறும் காலோடு வந்திருக்கிறோம் என்பது திரும்பி வரும்போதுதான் உறைத்தது.

பெட்டியைத் திறந்து தட்டைப் பார்த்தார். விரல் முட்டியால் தட்டினார். சத்தமா? விரல் உள்ளே இறங்கியது.

அந்த இடத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பாகுக் கொப்பரை சரிந்து கையில் கொட்டிய அன்றைக்குக்கூட அழாத மனிதர். கைக்கு எட்டியது அவள் வாய்க்கு எட்டவில்லையே, நாளைக்கு எந்த முகத்தோடு அவளை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன் என்று அழுதார். பிறகு எழுந்து, தட்டைத் துணியால் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் கொட்டப் போனார்.

"கொட்டாதீங்க!" பின்னாலேயே வந்திருந்த பதருன்னிசா குறுக்கே நின்றாள். "அன்னைக்கு நிறுத்தச் சொன்னீங்களே, அந்த வீடியோவை நான் ராத்திரி முழுசாக் கேட்டேன். நீங்களும் கேளுங்க. கேட்டுட்டுக் கொட்டுங்க."

போனில் அந்தப் பெண் சொன்னாள்: "தொட்டா மெத்துன்னு இருக்கும்போதே நிறுத்திருங்க. தட்டோட சூட்டுலயே மீதி வெந்துடும். ஒரு குச்சி குத்திப் பாருங்க, மாவு ஈரமா ஒட்டாம, தூளா ஒட்டினா சரி. ஆறினாத்தான் அது இறுகும். அவசரப்படாதீங்க."

தங்கசாமி குச்சியால் குத்தினார். நடுவில் குத்தினார், ஓரத்தில் குத்தினார், நம்பாமல் இன்னும் நாலு இடத்தில் குத்தினார். தூள்தான் ஒட்டியது. அவர் தெருவில் ஓடிக்கொண்டிருந்த நேரமெல்லாம், அணைந்த பெட்டிக்குள் அது தன்பாட்டில் வெந்துகொண்டிருந்திருக்கிறது.

ஆறவைத்தார். ஆறுகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது அவருக்கு அது முதல் தடவை. பிறகு கரண்டியால் ஒரு ஓரத்தைக் கிள்ளிக் கொண்டுபோனார். இன்னொரு கையில் வாந்தி எடுக்க வாளி.

வள்ளிமயில் பயந்து பயந்து வாய் திறந்தாள். மெல்லவில்லை, நாக்கிலேயே வைத்திருந்தாள். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது.

"மெத்துன்னு இருக்கு" என்றாள். "முன்னாடியே எடுக்க உங்க கைக்கு எப்படிங்க மனசு வந்துச்சு?"

"கரண்டு போயிட்டுது ஏட்டி" என்றார்.

அவள் சிரித்தது மாதிரி இருந்தது. இன்னும் ரெண்டு வாய் வாங்கிக்கொண்டு படுத்தாள். தங்கசாமி வாளியோடு கட்டிலடியிலேயே உட்கார்ந்திருந்தார். அவள் இருமினாலும் பதறினார், புரண்டாலும் பதறினார். வாளி காலியாகவே இருந்தது. அவள் தூங்கிப்போனாள்.

மத்தியானத்துக்கு மேல் கரண்டு வந்தது. ரெண்டாவது தட்டை உள்ளே வைத்தார். வாசம் வந்தது. தட்டிப் பார்க்கச் சொல்லி விரல் முட்டி பரபரத்தது. ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இன்னும் வேகவில்லை, வேகவில்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. குச்சியால் குத்திப் பார்த்துவிட்டு, எந்த மின்வாரியமும் உதவிக்கு வராமல், தானாகவே சுவிட்சை அணைத்தார். இது சரிதானா என்று அவருக்குத் தெரியாது. நாளைக்கு எடைமெஷின் என்ன காட்டும், ஊசி போடுவார்களா, போட்டால் கேட்குமா, அதுவும் தெரியாது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. மாசக்கணக்காக அந்த வீட்டில் கேட்காத கேள்வி.

"என்னங்க, இன்னும் இருக்கா?"

தட்டை எடுக்கப் போன தங்கசாமி நின்றார்.

"இருக்கு ஏட்டி, இருக்கு" என்றார். "ஆறட்டும்."