நானே கேட்டாலும்

கடல் தாண்டி வந்த இரண்டாம் நாளே அவள் வேலைக்கு ஆபத்து வந்துவிட்டது. வாடகை அறைக்குள் வைஃபை எட்டவில்லை என்று மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். சார்ஜரின் முள் இந்த ஊர்ச் சுவரில் நுழைய மாட்டேன் என்று அடம்பிடித்தது. மடிக்கணினியில் இருபத்திரண்டு சதவீதம்தான் மிச்சம். துணிக்கூடையோடு இறங்கிய வீட்டுக்காரம்மாவுக்கு வழிவிட இரண்டு முறை எழுந்து நின்றாகிவிட்டது. இதெல்லாம் சில்லறைத் தொல்லை. பெரிய தொல்லை திரையில் நின்றது. புது இடத்திலிருந்து நுழைகிறீர்கள், உங்கள் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள் என்றது.

அந்தக் கைப்பேசி எண் அப்பாவிடம் இருந்தது.

கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துச் செய்த வேலைதான். வெளிநாட்டில் ஊர் சிம்மை வைத்துக்கொண்டு எதற்கு வெட்டிச் செலவு? அப்பாவின் பட்டன் போனில் இரண்டாவது சிம்முக்கு இடம் சும்மாதானே கிடக்கிறது என்று அதில் செருகிவிட்டு, விமான நிலையத்தில் புது சிம் வாங்கிக்கொண்டாள். புது எண்ணை அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. இறங்கியதும் கூப்பிடுகிறேன் என்று சொன்னவள் அதையும் செய்யவில்லை. தூக்கம், பசி, அறை தேடல் என்று ஒரு நாள் ஓடிவிட்டது.

அவள் கம்பெனி பள்ளிப் பேருந்துகளுக்கு வழித்தடம் போட்டுக் கொடுக்கிறது. நாளைக்குப் பள்ளி திறக்கிறது. எந்த வண்டி, எந்தத் தெரு முனையில், எத்தனை மணிக்கு, எந்தப் பிள்ளையை ஏற்ற வேண்டும் என்ற பட்டியலை ஊர் நேரம் பகல் பன்னிரண்டுக்குள் அவள் ஏற்றியாக வேண்டும். வீட்டிலிருந்தே வேலை பார்க்க மேலாளரம்மாவிடம் தலைகீழாக நின்று அனுமதி வாங்கியிருந்தாள். வீடு எந்த நாட்டில் என்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மடிக்கணினி நாட்டை விட்டுப் போனால் வேலை கிடையாது என்று கையெழுத்துப் போட்ட தாளில் ஒரு வரி இருந்தது. மகராசி அதை விமானத்தில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் படித்தாள்.

ஊரில் மணி பதினொன்றேகால். அப்பாவைக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஒரு நம்பர் வந்திருக்கும், சீக்கிரம் படிங்க."

"யாரு பேசறது?"

"நான்தாம்பா, உங்க பொண்ணு."

"அப்படித்தான் சொல்லுவீங்க," என்று வைத்துவிட்டார்.

இதுவும் அவளே தேடிக்கொண்டதுதான். போன வருடம் யாரோ கேஸ் கம்பெனி என்று சொல்லிக் கேட்டபோது, அப்பா வெள்ளந்தியாக எண்ணைப் படித்துக் காட்டிவிட்டார். நல்ல வேளையாக ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் இரண்டு நாள் வீட்டில் அவள் போட்ட சத்தம் தெருக்கோடிவரை கேட்டது. அவர் ரத்த அழுத்தம் குறித்து வைக்கும் டைரியின் முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில் அவளே எழுதினாள்: ஓடிபி யாருக்கும் சொல்லக்கூடாது. நானே கேட்டாலும். அந்த டைரியும் அவள் கம்பெனி வருடப் பிறப்புக்குக் கொடுத்ததுதான்.

அப்பா முப்பத்தைந்து வருடம் தபால்காரர். பதிவுத் தபாலை உரியவர் கையில் தவிர வேறு கையில் கொடுத்ததே கிடையாது. பக்கத்து வீட்டில் குடுங்க சார் என்று கெஞ்சியவர்கள் எத்தனையோ பேர். ஒருவர் பாச்சாவும் அவரிடம் பலித்ததில்லை.

இரண்டாம் முறை கூப்பிட்டாள். பிறந்த தேதி, அம்மா போன தேதி, அவருடைய முழங்கால் ஆபரேஷன் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் ஒப்பித்தாள்.

"இதெல்லாம் என் பென்ஷன் காகிதத்தையும் ஆஸ்பத்திரி சீட்டையும் பாத்தா யாருக்கும் தெரியும்மா."

"சரி, பக்கத்து வீட்டு அத்தைகிட்ட போனைக் குடுங்க. உங்களுக்குத்தான் போன்ல யார் குரலும் பிடிபடாது, அவங்களுக்கு என் குரல் தெரியும்."

"அவங்க மகன் வீட்டுக்குப் போய் ஒரு மாசம் ஆச்சு. என் பொண்ணுக்கு அது தெரியாதா?"

தெரியாது. ஒரு மாதமாக அதே வீட்டில் இருந்துகொண்டே அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் முறை கூப்பிட்டபோது பதினொன்று நாற்பது. மடிக்கணினியில் பதினொரு சதவீதம். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பேச வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது. "அப்பா, ப்ளீஸ்பா... என் வேலை போயிடும்பா..."

அந்தப் பக்கம் ஏதோ காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"இந்தாம்மா," என்றார் அப்பா, இதமாகவே. "உனக்கும் அப்பா அம்மா இருப்பாங்க. இந்தப் பொழப்பு வேணாம், விட்டுடு. என் பொண்ணு அழ மாட்டா. இப்படிக் கெஞ்சவும் மாட்டா. இந்நேரத்துக்கு என்னைத் திட்டித் தீத்திருப்பா."

வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் பிஸி, பிஸி, பிஸி. அப்பா யாருடன் இவ்வளவு நேரம் பேசுகிறார் என்று அவளுக்கு விளங்கவில்லை. பதினொன்று ஐம்பதுக்குத் திரை தானாக மாறியது. கணக்கு முடக்கப்பட்டது என்று ஒரே ஒரு வரி.

அடுத்த நிமிஷம் மேலாளரம்மா வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

"உங்கப்பா ஆபீசுக்கு போன் பண்ணார். டைரி அட்டையில நம்பர் இருந்துச்சாம். உன் பேரைச் சொல்லி யாரோ ஓடிபி கேக்கறாங்க, உடனே கணக்கைப் பூட்டுங்கன்னார். பூட்டிட்டேன். பட்டியலை நானே ஏத்திக்கறேன்."

அவள் சார்ஜர் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"'என் பொண்ணு வெளிநாட்டுல இருக்கா, பாவம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது'ன்னும் சொன்னார்." மேலாளரம்மா குரலை உயர்த்தவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. "திரும்பி வந்ததும் லேப்டாப்பைக் குடுத்துட்டுப் போயிடும்மா. நான் உனக்காக மேல பேசியிருந்தேன்."

அவ்வளவுதான். மடிக்கணினியை மூடிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது. யார்மேல் கோபப்படுவது என்றும் தெரியவில்லை. பிறகு அப்பாவைக் கூப்பிட்டாள்.

"மறுபடியும் நீயா?" என்று ஆரம்பித்தார்.

"மாத்திரை போட்டீங்களா இல்லையா? ஒரு வேலையை உங்களுக்குப் பத்து தடவ சொல்லணுமா?"

"அட, பாப்பா!" அப்பாவின் குரல் துள்ளியது. "போய்ச் சேந்துட்டியா? சாப்பிட்டியா? ஏன் நேத்து கூப்பிடல? இங்க ஒரு கூத்து கேளு. காலைலேர்ந்து ஒருத்தி உன் பேரைச் சொல்லி மூணு தடவ கூப்பிட்டா. நீ சொன்ன மாதிரியே நான் வாயைத் தொறக்கல. உன் ஆபீசுக்கும் சொல்லிட்டேன். அந்தம்மா ரொம்ப தேங்க்ஸ் சொன்னாங்க."

"ம்."

"ஆனா அழுதா பாரு, எனக்கே மனசு கரைஞ்சு போச்சு. சொல்லித் தொலைச்சிடலாமான்னுகூட இருந்துச்சு. அப்புறம் டைரில நீ எழுதினதைப் பாத்தேன். நான் செஞ்சது சரிதானே பாப்பா?"

கைப்பேசியைத் தள்ளிப் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அதைக் கேட்டால் இவர் இப்போதும் வைத்துவிடுவார்.

"சரிதான், சரிதான்," என்று அதட்டினாள். "முதல்ல மாத்திரையைப் போடுங்க."